சர்கார் படமும் 49பி-யும்: எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்விகளும் பதில்களும்

இந்தப் படம் 2018 தீபாவளிக்கு வந்தது, நவம்பர் 6. ஆனா டிவியில போடுற ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் காலையில ஸ்டாஃப் ரூம்ல ஒரு ஆள், பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா, இரவு வட்ஸ்அப்ல பழைய மாணவங்க எண்டு அதே கேள்வியளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க. நான் திருகோணமலையில ஒரு பள்ளிக்கூடத்தில குடியியல் படிப்பிக்கிறன், 2015 இல இருந்து தேர்தல் டியூட்டிக்கும் போறன், அதால வோட்டு சம்பந்தமா என்ன சந்தேகம் வந்தாலும் என்னட்டத்தான் வருது. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் போட்டு முடியல்ல, அதுதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிறன். படம் பாக்காதவங்க கவனம், கதை முழுக்க இதில வரும்.

"டீச்சர், சர்கார் எண்டா என்ன, கதையைச் சுருக்கமாச் சொல்லுங்களன்?"

சர்கார் எண்டா அரசாங்கம், ஹிந்தி உருது பக்கத்துச் சொல். ஏ.ஆர். முருகதாஸ் எடுத்தது, சன் பிக்சர்ஸ் தயாரிப்பு, ஏ.ஆர். ரஹ்மான் மியூசிக். விஜய் அமெரிக்காவில பெரிய கம்பனி நடத்திற சுந்தர் ராமசாமி, போற நாட்டில எல்லாம் போட்டிக் கம்பனியளை இல்லாம ஆக்கிற ஆள். அவர் சென்னைக்கு வாறார் எண்டதும் எந்தக் கம்பனியை வாங்கப்போறாரோ எண்டு எல்லாரும் பயப்பிட, அவர் வந்தது சட்டசபைத் தேர்தல்ல வோட்டுப் போட்டிட்டுப் போக.

போய்ப் பாத்தா அவர்ட வோட்டை வேற யாரோ போட்டிட்டாங்க. அவர் விடுறாரில்ல, 49பி எண்டு சொல்லி கோர்ட்டுக்குப் போறார், அதைப் பாத்து லட்சக்கணக்கான சனம் "என்ட வோட்டும் போச்சு" எண்டு கிளம்ப, தேர்தலே திரும்ப நடத்த வேண்டி வருது. பிறகு அவரே அரசியலுக்கு இறங்கிறார். எதிர்ப்பக்கம் முதலமைச்சர் மாசிலாமணியா பழ. கருப்பையா, அவருக்கு அடுத்த ஆளா ராதாரவி, கனடாவில இருந்து வாற மகள் கோமளவல்லியா வரலட்சுமி.

"49பி உண்மையா இருக்கிற சட்டமா, இல்ல படத்துக்கு அடிச்சு விட்டதா?"

உண்மையா இருக்கு. படத்தில செக்‌ஷன் செக்‌ஷன் எண்டு சொல்லுவாங்க, ஆனா அது சட்டப் பிரிவு இல்ல, இந்தியாவில 1961 ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள்ல ஒரு விதி. உங்கட பேர்ல வேற ஒரு ஆள் வந்து வோட்டுப் போட்டிட்டுப் போயிட்டா, நீங்க தான் அந்த ஆள் எண்டு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேக்கிற கேள்வியளுக்குப் பதில் சொல்லி நிரூபிச்சா உங்களுக்கும் ஒரு வாக்குச்சீட்டுத் தரோணும். மெசினில பட்டன் அமத்த விட மாட்டாங்க, கடதாசிச் சீட்டுத்தான். நீங்க ஒரு லிஸ்ட்ல கையெழுத்து வைச்சு, சீட்டில அடையாளம் போட்டுக் குடுத்தா அதைத் தனிக் கவருக்குள்ள வைப்பாங்க. இதைத்தான் டெண்டர் வோட் எண்டு சொல்றது.

இந்த ஒரு விசயத்துக்காகவே இந்தப் படத்தை நான் மதிக்கிறன். குடியியல் புத்தகத்தில ஒரு வரியாக் கூட வராத ஒரு விதியை ஆட்டோ ஓட்டுற தம்பி கூட நம்பரோட சொல்றான் எண்டா அது சின்ன வேலை இல்ல.

"அப்ப அந்தக் கவருக்குள்ள போன வோட்டை எண்ணுவாங்களா?"

வழமையா எண்ண மாட்டாங்க. இதைச் சொன்னதும் கனபேருக்கு முகம் வாடிப் போகும், ஆனா அதுதான் உண்மை. ரிசல்ட் வந்த பிறகு யாராவது தேர்தல் வழக்குப் போட்டு, கள்ள வோட்டு எது, உண்மையான வோட்டு எது எண்டு கோர்ட் பாக்கிற நிலைமை வந்தாத்தான் அந்தக் கவரை உடைப்பாங்க. வித்தியாசம் பத்தாயிரம் இருபதாயிரம் எண்டா அந்தக் கவரை யாரும் கவனிக்கப் போறதில்ல.

ஆனா வித்தியாசம் ஒண்டு எண்டா? அதுவும் நடந்திருக்கு. 2008 இல ராஜஸ்தான்ல நாத்துவாரா தொகுதியில சி.பி. ஜோஷி ஒரே ஒரு வோட்டால தோத்தார், 62,216 க்கு 62,215. அந்த வழக்கு இந்தியாவின்ட உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, அதில வாதாடினதே இந்த டெண்டர் வோட் விசயத்தைத்தான். படத்தில வாறதை விட இது பெரிய திரில்லர் எண்டு நான் பிள்ளைகளுக்குச் சொல்றனான்.

"ஒரு ஆள் கேஸ் போட்டு ஒரு மாநிலத் தேர்தலையே நிப்பாட்டலாமா?"

ஏலாது. படத்தில ஆகப் பெரிய கற்பனை இந்த இடம் தான். இந்திய அரசியலமைப்பில 329 ஆவது உறுப்புரை இருக்கு, தேர்தல் நடந்துகொண்டிருக்கேக்க கோர்ட் தலையிடக் கூடாது, ரிசல்ட் வந்த பிறகு தேர்தல் வழக்குப் போட்டுத்தான் கேக்கோணும் எண்டு. அந்த வழக்கும் உயர் நீதிமன்றத்தில 45 நாளுக்குள்ள போடோணும், போட்டாலும் அது அந்த ஒரு தொகுதியைப் பற்றி மட்டும் தான், 234 தொகுதிக்கும் சேத்து ஒரே கேஸ் எண்டு ஒண்டு இல்ல. முதலமைச்சர் பதவியேற்கப் போற நேரம் தடை வாங்கிறதெல்லாம் தியேட்டர்ல விசில் அடிக்க நல்லா இருக்கும்.

ஆனா தேர்தல் நிண்ட கதையள் உண்மையா இருக்கு, நிப்பாட்டினது கோர்ட் இல்ல, தேர்தல் ஆணையம், காரணம் கள்ள வோட்டு இல்ல, காசு. 2016 இல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரல்ல ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019 இல வேலூர் பார்லிமெண்ட் தொகுதி, எல்லாம் வோட்டுக்குக் காசு குடுத்த விசயத்தில நிண்டது. முருகதாஸ் இதை எடுத்திருந்தா கற்பனையே தேவைப்பட்டிருக்காது எண்டது என்ட அபிப்பிராயம்.

"வெளிநாட்டில இருக்கிற ஆள் வந்து வோட்டுப் போடலாமா? எங்கட மாமா கனடாவில இருந்து வந்தா இங்க போடலாமா?"

இந்தியாவில போடலாம். 2010 இல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, வெளிநாட்டில வேலை செய்யிற இந்தியக் குடிமகன் தன்ட பாஸ்போட்ல இருக்கிற ஊர்ல பேரைப் பதியலாம், ஆனா வோட்டு நாளண்டைக்கு நேர வந்து பாஸ்போட்டைக் காட்டித்தான் போடோணும். அதால சுந்தர் பிளேன் ஏறி வந்தது சரி, அந்த நாட்டுக் குடியுரிமை எடுக்காம இருந்தா.

நம்மட நாட்டில வெளிநாட்டில இருந்துகொண்டு போட வழி இல்ல. மாமாவின்ட பேர் இங்க வாக்காளர் இடாப்பில (வோட்டர் லிஸ்ட்ல) இருந்து, அடையாள அட்டையும் கையில இருந்து, ஆளும் நேர வந்தா போடலாம். கனபேர்ட பேர் இடாப்பில இருந்து போயிருக்கும், ஏனெண்டா வருசா வருசம் கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பேர் விபரம் எடுக்க வரேக்க "அவர் இங்க இல்ல" எண்டு வீட்டுக்காரங்களே சொல்லியிருப்பாங்க. டிக்கெட் போட முதல் அதைப் பாக்கச் சொல்லுங்க.

"இங்கயும் அந்த 49பி மாதிரி ஒண்டு இருக்கா மிஸ்?"

இருக்கு, இதைத்தான் நான் எல்லாரும் தெரிஞ்சிருக்கோணும் எண்டு நினைக்கிறன். நம்மட சட்டத்திலயும் டெண்டர் வோட் இருக்கு, ரெண்டு நாட்டுக்கும் இது பிரித்தானியர் காலத்து முறையில இருந்து வந்தது. உங்கட பேர்ல ஏற்கனவே போட்டாச்சு எண்டு சொன்னா, பிரகடனத்தில கையெழுத்து வைச்சிட்டு உங்கட சீட்டைக் கேட்டு வாங்கலாம், அது தனியாத்தான் வைக்கப்படும். நம்பர் 49பி இல்ல, அந்த நம்பரைச் சொல்லி இங்க கேக்காதீங்க, விசயத்தைச் சொல்லிக் கேளுங்க.

2020 ஓகஸ்ட் 5, கொரோனாக் காலத்துப் பொதுத்தேர்தல், நான் ஜேபிஓவா, அதாவது வாக்களிப்பு நிலையத்தில கனிஷ்ட தலைமை அலுவலரா, ஒரு கரையோரப் பள்ளிக்கூடத்தில இருந்தன். பதினொரு மணி போல ஒரு ஆச்சி பேரனோட வந்தா. கிளார்க் நம்பரையும் பேரையும் சத்தமா வாசிச்சார், வாசிச்சிட்டு நிமிந்து பாத்தார், அந்தப் பேருக்கு மேல ஏற்கனவே கோடு கீறி இருக்கு. கட்சி முகவர்மார் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. ஆச்சி என்ன செஞ்சவ தெரியுமா, "சரி மகள், போட்டாச்செண்டா நான் போறன்" எண்டு சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுப் போட்டு திரும்பிட்டா. கோபமும் இல்ல, கேள்வியும் இல்ல. நான் எழும்பி "நில்லுங்க ஆச்சி" எண்டு கையைப் பிடிச்சுப் பாத்தன், சுண்டு விரல்ல மை இல்ல, நகத்துக்குள்ள மஞ்சளும் மீன் செதிளும் தான் இருந்துது.

எஸ்பிஓ, எனக்கு மேல இருக்கிற சிரேஷ்ட தலைமை அலுவலர், வந்து இடாப்பை வடிவாப் பாத்தார். அதே பேர்ல இன்னொரு அம்மா ரெண்டு வரி தள்ளி இருக்கிறா, வீட்டு நம்பர் மட்டும் வேற, அவ காலமை வந்து போட்டிட்டுப் போனது முகவர்மாருக்கும் ஞாபகம் வந்திட்டுது, கோடு தான் வரி மாறி விழுந்திருக்கு. திருத்தி எழுதி ஆச்சிக்குச் சீட்டுக் குடுத்தம். அது களவு இல்ல, கைப்பிழை. ஆனா அவ வாசலால வெளிய போயிருந்தா களவுக்கும் கைப்பிழைக்கும் ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது. அதுக்குப் பிறகு சர்கார் படத்தில விஜய் "என்ட வோட்டு எங்க" எண்டு நிக்கிற சீனைப் பாக்கேக்க எனக்கு அந்த ஆச்சியின்ட முதுகு தான் தெரியுது.

"மிக்ஸி கிரைண்டரை நெருப்பில போடுற சீன் இருக்காம், நான் பாத்ததில இல்லையே?"

படம் வந்து ரெண்டு மூண்டு நாளிலயே அதை வெட்டிட்டாங்க. "ஒருவிரல் புரட்சி" பாட்டில சனம் அரசாங்கம் இலவசமாக் குடுத்த சாமானை எல்லாம் எரிக்கிற மாதிரி எடுத்திருந்தாங்க, அதில முருகதாஸே வந்து சாமானைத் தூக்கிப் போடுவார். 2011 தேர்தல்ல மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுப்பம் எண்டு சொன்னது அதிமுக, 2018 இல ஆட்சியில இருந்ததும் அதிமுக, அதால தியேட்டருக்கு முன்னால பெனர் கிழிப்பு, ஆர்ப்பாட்டம், காட்சி ரத்து. கடைசியில அந்த சீனை எடுத்து, சில சொல்லை மியூட் பண்ணித்தான் ஓட விட்டாங்க. முருகதாஸ் கைதுக்குப் பயந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்துது.

இலவசம் குடுத்தது ஒரு கட்சி மட்டும் இல்ல, 2006 இல கலர் டிவி குடுத்தது திமுக. தேர்தல் அறிக்கையில இலவசம் சொல்றது சட்டப்படி லஞ்சம் ஆகாது எண்டு 2013 இல உச்ச நீதிமன்றம் சொல்லிட்டுது. எனக்கு அந்த சீன் பிடிக்கேல்ல, வெட்டினதும் பிடிக்கேல்ல. ஒரு மிக்ஸியால ஒரு அம்மாவுக்கு அம்மியில நிக்கிற நேரம் மிச்சம் எண்டா அதை எரிக்கச் சொல்றதுக்கு அமெரிக்காக் கம்பனிக்காரர்ட படத்துக்கு என்ன உரிமை இருக்கு. ஆனா அரசாங்கத்தைப் பற்றி எடுத்த படத்தை ஆட்சியில இருக்கிற ஆக்களே வெட்ட வைச்சா, படம் சொன்னது சரியெண்டு அவங்களே காட்டின மாதிரித் தானே.

"கோமளவல்லி எண்டது ஜெயலலிதாவைத் தானே?"

ஜெயலலிதாவின்ட இயற்பெயர் அதுதான் எண்டு சொல்லித்தான் அதிமுக கோபப்பட்டது, மேல சொன்ன மியூட் பண்ணின சொல்லுகள்ல இந்தப் பேரும் ஒண்டு. பாத்திரத்தைப் பாத்தா அவங்கட வாழ்க்கையோட பொருந்தல்ல, இது முதலமைச்சர்ட மகள், வெளிநாட்டில இருந்து வந்து கட்சியைக் கையில எடுக்கிறவ. பேர் மட்டும் தான் கதைக்க வைச்சுது.

"கதை களவெடுத்தது எண்டு ஒரு கேஸ் இருந்ததே, என்ன ஆச்சு?"

வருண் ராஜேந்திரன் எண்ட எழுத்தாளர் தன்ட "செங்கோல்" கதை இது, 2007 இலயே பதிஞ்சு வைச்சது எண்டார். எழுத்தாளர் சங்கத் தலைவரா இருந்த கே. பாக்யராஜ் ரெண்டும் ஒத்துப் போகுது எண்டு சொன்னார். படம் வர ஒரு கிழமை இருக்கேக்க உயர் நீதிமன்றத்தில சமரசம் ஆகி, டைட்டில்ல அவருக்கு நன்றி போட ஒத்துக்கொண்டாங்க. ஒரு ஆள்ட வோட்டை இன்னொரு ஆள் போட்டதைப் பற்றின படத்துக்கு இந்தப் பிரச்சினை வந்தது எனக்குக் கவலை தான்.

"கலெக்டர் ஒஃபிஸ்ல குடும்பமா எரியிற சீன் உண்மையா நடந்ததா?"

அப்பிடி ஒண்டு நடந்தது. 2017 ஒக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஒஃபிஸ்ல கந்துவட்டிக் கொடுமையால ஒரு கூலித் தொழிலாளி, மனுசி, ரெண்டு சின்னப் பிள்ளைகள், நாலு பேரும் செத்தாங்க. முறைப்பாடு குடுத்தும் ஒண்டும் நடக்கல்ல எண்டு தான் அண்டைக்குச் செய்தியில வந்தது. பிள்ளைகளோட பாக்கிற ஆக்கள் அந்த இடத்தில கவனமா இருங்க.

"அனுதாப வோட்டுக்காக மகளே அப்பாவைக் கொல்றது கொஞ்சம் ஓவர் இல்லையா?"

கொலை ஓவர் தான், மருந்தை அளவுக்கு மேல குடுத்து தேர்தல் நேரம் பாத்து ஆளை முடிக்கிறது. ஆனா அனுதாபம் எண்டது தமிழ்நாட்டில வெறும் கதை இல்ல. 1984 இல எம்ஜிஆர் அமெரிக்காவில ஆஸ்பத்திரியில படுத்துக்கொண்டே வெண்டார், இந்திரா காந்தி சுடப்பட்டு ரெண்டு மாசம் கூட ஆகல்ல, ஆஸ்பத்திரியில அவர் இருக்கிற வீடியோவை ஊர் ஊராக் காட்டினாங்க. 1991 இல ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தல்ல திமுக 234 இல ரெண்டே ரெண்டு இடம்.

இதைத் தெரிஞ்சு வைச்சுத்தான் கோமளவல்லி கணக்குப் போடுறா. வரலட்சுமி சத்தம் போடாம, கண்ணை மட்டும் வைச்சு நடிச்ச அந்த இடம் தான் முழுப் படத்திலயும் எனக்குப் பயம் வந்த இடம். ராதாரவி, பழ. கருப்பையா ரெண்டு பேரும் நல்லாச் செஞ்சாங்க, ஆனா இவ வாறது இடைவேளைக்குப் பிறகு, கொஞ்சம் முந்தி வந்திருந்தா படம் வேற தரத்துக்குப் போயிருக்கும்.

"இது இந்தியாக்காரங்கட கதை, திருகோணமலையில இருக்கிற நமக்கு என்னத்துக்கு?"

இதைக் கேட்டது என்ட சொந்தத் தம்பி. அவனுக்கு நான் சொன்னதையே எழுதிறன். 2022 இல நீ ரெண்டு நாள் பெட்ரோல் ஷெட்டில லைன்ல நிண்டாய், மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சீனன்குடாவில ரெண்டாம் உலக யுத்த காலத்து எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது, நம்மட பஸ் போற வழியில. அந்த வருசம் ஜனவரியில தான் அதுக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானது, 14 இந்தியன் ஒயில் கம்பனியின்ட லங்கா ஐஓசிக்கு, 24 நம்மட அரசாங்கத்தின்ட பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டும் சேந்து. இந்த ஊர்ல எண்ணெய் வைக்க இடம் இருந்துது, எண்ணெய் தான் இல்ல. 2023 நவம்பர்ல நம்மட உயர் நீதிமன்றமே (இந்தியாவில உச்ச நீதிமன்றம் எண்டு சொல்றது, நாட்டின்ட ஆக மேல் கோர்ட்) பொருளாதார நெருக்கடிக்கு நாட்டை ஆண்ட ஆக்கள் பொறுப்பு, மக்கள்ட நம்பிக்கையை மீறிட்டாங்க எண்டு தீர்ப்புச் சொன்னது.

படத்தில வாற கட்சிப் பேரும் கொடியும் தான் தமிழ்நாடு. ஒரே குடும்பத்துக்குள்ள பதவி சுத்திறதும், கோப்பு நகர காசு கேக்கிறதும், தேர்தல் கிட்ட வரேக்க மட்டும் தகரமும் சீமெந்தும் லொறியில வாறதும் நமக்குப் புதுசா?

"விஜய் கட்சி தொடங்கினதுக்கு இந்தப் படம் தான் ஆரம்பமா?"

கட்சி தொடங்கினது 2024 பெப்ரவரி 2, தமிழக வெற்றிக் கழகம், படம் வந்து அஞ்சு வருசத்துக்குப் பிறகு. படத்தில அவர் கமராவைப் பாத்துக் கதைக்கிற இடங்களை இப்ப பாத்தா ஒத்திகை மாதிரித்தான் தெரியும், ஆனா அது பிந்திப் பாக்கிறதால வாற தோற்றம். எனக்கு ஞாபகம் நிக்கிறது 2021 ஏப்ரல் 6, அவர் சைக்கிள்ல போய் வோட்டுப் போட்டது. அண்டைக்கு என்ட வகுப்பில பாதிப் பேர் அதைத்தான் கதைச்சாங்க, பாடம் நடத்த விடல்ல.

"கடைசியா, கள்ள வோட்டுப் போட்டவனை அந்த இடத்திலயே பிடிக்க வழி இல்லையா? படத்தில அதைக் காட்டவே இல்லையே?"

இதைக் கேட்டது பதினோராம் வகுப்புப் பிள்ளை, இந்தக் கேள்வியளுக்குள்ள ஆக நல்ல கேள்வி இதுதான். வழி இருக்கு. 49பி எல்லாம் களவு போன பிறகு செய்யிறது. அதுக்கு முதல், சீட்டு வாங்க வாற ஆள் உண்மையான ஆள் இல்ல எண்டு சந்தேகம் வந்தா, கட்சி முகவர் அந்த இடத்திலயே ஆட்சேபிக்கலாம். இந்தியாவில அதுக்கு ரெண்டு ரூபா கட்டோணும், உண்மையா ரெண்டே ரெண்டு ரூபா தான், உடனே தலைமை அலுவலர் விசாரிச்சு முடிவு சொல்லோணும், ஆள்மாறாட்டம் எண்டு தெரிஞ்சா பொலிசிட்டக் குடுக்கலாம். இங்கயும் முகவர் ஆட்சேபிச்சா வந்த ஆள் பிரகடனத்தில கையெழுத்து வைக்கோணும், பொய் எண்டா அது குற்றம்.

அதுக்குத்தான் ஒவ்வொரு கட்சியும் முகவர் எண்டு ஒரு ஆளை அனுப்புறது, பேர் வாசிக்கேக்க நிமிந்து முகத்தைப் பாக்க. காலமை ஏழு மணிக்கு எல்லாரும் நிமிந்து பாப்பாங்க. மத்தியானச் சோத்துப் பார்சல் வந்து, ரெண்டு மணி வெயிலும் ஏறினாப் பிறகு நான் இருந்த நிலையங்கள்ல லிஸ்ட்டில கோடு மட்டும் கீறிக்கொண்டு இருப்பாங்க, தலை நிமிராது. சுந்தர் ராமசாமியின்ட வோட்டு போனதும் அப்பிடி ஒரு மேசையில தான் இருக்கோணும், முருகதாஸ் அந்த மேசையை ஒரு செக்கன் கூடக் காட்டல்ல.